வண்ணம் ஒட்டாத நிலம்

இது ராத்திரியில் நடந்ததல்ல. பன்னிரண்டு மணி, அமாவாசை, நாய் ஊளை என்று எதிர்பார்த்துப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சகாயராணிக்கு நடந்தது எல்லாமே பகலில்தான். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த நேரத்தில். கடைசியாக நடந்ததை அறுபது பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். அதில் பதினோரு பேர் போலீசில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். நேரங்களை அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். ஒரு நிமிடம்கூட மாற்றவில்லை.

சகாயராணிக்கு முப்பத்து நாலு வயது. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். தர்மபுரியில் ஒரு செல்போன் கடையின் மாடியில், கலைவாணன் என்பவர் நடத்தும் சின்ன ஆபீசில் அவளுக்கு வரைபடம் போடும் வேலை. வருஷவாரியாகச் செயற்கைக்கோள் படங்களை அடுக்கி, ஓர் ஊர் எப்படி வளர்ந்தது என்று வீடியோவாக ஓட்டிக் காட்டுவதில் கெட்டிக்காரி. வயல் பச்சை. கட்டடம் சிவப்பு. வருஷத்துக்கு ஒரு நொடி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு ஊர்ந்து ஊர்ந்து பச்சையைத் தின்றுகொண்டு போகும்.

அப்படி ஒரு வீடியோ வேண்டும் என்று வந்தவர் பிரபாகர். மனை போட்டு விற்பவர். அறுபதை நெருங்கும் வயது, தடித்த கழுத்து, எப்போதும் வெள்ளைச் சட்டை. அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிப் பெரிய இடமாக மனை பிரித்திருந்தார். 2025 பிப்ரவரி இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா.

"டவுன் நம்ம சைட்டப் பாத்து ஓடி வருதுன்னு ஜனங்க கண்ணால பாக்கணும்மா," என்றார். "பாத்த எடத்துலயே புக் பண்ணணும்."

நாற்பது வருஷத்துப் படங்களை அவள் திரட்டினாள். 1985-லிருந்து 2024 வரை. வேலை முடிய இரண்டு வாரம் ஆனது.

ஜனவரி 29, புதன்கிழமை. காலை 11.40. முதல் தடவையாக முழு வீடியோவையும் ஓட்டிப் பார்த்தாள்.

1985-ல் தர்மபுரி ஒரு சின்னச் சிவப்புத் திட்டு. தொண்ணூறுகளில் சாலையோரம் சிவப்பு நூல் விட்டது. 1999 வந்தபோது, பிரபாகரின் மனைகள் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது.

அந்த மென்பொருளில் கறுப்பு என்றால் 'இந்த இடம் தெரியவில்லை' என்று அர்த்தம். மேகம் மறைத்திருந்தால் அப்படி வரும். ஆனால் அந்தப் புள்ளி 2000-லும் இருந்தது. 2001-லும் இருந்தது. சுற்றிலும் எல்லாம் சிவப்பாக மாறி, 2024 வந்து வீடியோ நின்றபோதும் அது அங்கேயே இருந்தது. இருபத்தாறு வருஷம் ஒரே இடத்தில் மேகம் நிற்குமா?

மூலப் படங்களைத் திறந்து பார்த்தாள். மேகம் எதுவும் இல்லை. காய்ந்த நிலம். அவ்வளவுதான்.

கலைவாணன் எட்டிப் பார்த்தார். "அது பார்க் வர்ற எடம்ங்க. பிளான்ல சிறுவர் பூங்கான்னு போட்டிருக்கு. பச்சை அடிச்சு வுடுங்க."

பச்சை அடித்தாள். மறுபடி ஓட்டினாள். 1999-ல் கறுப்பு. மறுபடி அடித்தாள். மறுபடி கறுப்பு. மூன்றாவது தடவையும் அதேதான்.

"நகருங்க," என்று கலைவாணன் உட்கார்ந்தார். அவரே பச்சை அடித்தார். வீடியோவை விட்டுவிட்டு, விழாவில் மாட்டுவதற்கான பெரிய தாள் வரைபடத்தை முதலில் அச்செடுத்தார். தாளில் பச்சை அழகாக விழுந்திருந்தது. "பாத்தீங்களா, ஒண்ணும் இல்ல," என்று சிரித்துக்கொண்டே, ஓரத்தைச் சீராக நறுக்கத் தாளைக் கத்தி மேசைக்கு எடுத்துப்போனார்.

அந்த மேசையில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கத்தி. மேலே தூக்கினால் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். கையால் எடுத்துவிட்டால்தான் இறங்கும். அவர் தூக்கினார். கொக்கி மாட்டிய 'டக்' சத்தம் சகாயராணிக்குக் கேட்டது.

அவர் குனிந்து தாளை நேராக்கினார். வலது கை ஆள்காட்டி விரலால் அந்தப் பச்சைப் புள்ளியைத் தடவினார்.

சரக்.

கத்தி தானாக இறங்கியது. கொக்கி மாட்டியபடியே இருந்தது. ஆனால் கொக்கியே நடுவில் உடைந்திருந்தது.

கலைவாணன் முதலில் கத்தவில்லை. தாளின் மேல் கிடந்த தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் கத்தினார். அப்போது மணி 12.26.

அவர் கையைத் துப்பட்டாவால் சுற்றும்போது சகாயராணி தாளைப் பார்த்தாள். ரத்தம் தர்மபுரி டவுன் மேலெல்லாம் பரவியிருந்தது. நெடுஞ்சாலையை மூழ்கடித்துவிட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த ஓர் இடத்தில் மட்டும் ஏறவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போனது. அங்கே தாள் உலர்ந்து கிடந்தது. பச்சையும் இல்லை.

ஆஸ்பத்திரியில் விரலை ஒட்டவைக்க முடியவில்லை.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வேலையே வேண்டாம் என்று ஓடியிருப்பார்கள். சகாயராணி அந்த ரகம் இல்லை. புரியாத ஒன்றை அப்படியே விட்டுவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இடத்தை நேரில் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று பிரபாகருக்குப் போன் செய்தாள். அவர் "முருகேஷ அனுப்புறேன்," என்றார்.

முருகேஷ் அவருடைய டிரைவர். ஐம்பதை நெருங்கும் ஆள். அதிகம் பேசமாட்டார். மறுநாள், வியாழக்கிழமை, பகல் 1.50-க்குக் கார் மனைப் பிரிவின் நுழைவு வளைவுக்குள் போனது. மஞ்சள் கல் நட்ட மனைகள். தார் வாசம் போகாத புதுச் சாலை. எங்கும் ஆள் இல்லை.

முருகேஷ் பாதி வழியிலேயே காரை நிறுத்தினார். "இதுக்கு மேல வண்டி போவாதுங்க."

"ரோடு நல்லாதானங்க இருக்கு?"

"போவாதுங்க," என்றார் மறுபடி. அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் இறங்கி நடந்தாள். செல்போனில் அந்தப் புள்ளி தெரிந்தது. இருநூறு மீட்டர். நூறு மீட்டர். 'சிறுவர் பூங்கா' என்று ஒரு தகரப் பலகை. அதற்குப் பின்னால் வெறும் தரை. சுற்றிலும் எருக்கஞ்செடியும் வேலிக்காத்தானும் முளைத்திருந்தன. அந்த வட்டத்துக்குள் மட்டும் ஒரு புல் கிடையாது.

மணி 2.10.

"அளக்க வந்தீங்களாக்கா?"

பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். எந்தப் பக்கமிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. முப்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு. உடுத்தியிருந்தது சேலையா பாவாடையா என்று தெரியாதபடி மண் அப்பியிருந்தது. தலைமுடியிலும் மண். ஈரமண். தைமாத வெயிலில், ஒரு சொட்டு மழை இல்லாத ஊரில், ஈரமண்.

"சும்மா பாக்க வந்தேன்மா. நீ இந்தப் பக்கமா?"

"எங்க வூடு இங்கதான்."

சகாயராணி சுற்றிலும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய வரை மஞ்சள் கற்கள்தான். "எங்க?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள்.

சகாயராணியும் குனிந்தாள். அப்போதுதான் கால்கள் கண்ணில் பட்டன. கணுக்காலில் ஒரு வெள்ளிக் கொலுசு. பெரியவர்கள் போடுகிற கொலுசு இல்லை. மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குப் போடுவது. அது சதைக்குள் புதைந்து போயிருந்தது. அதைச் சுற்றிக் கால் கறுத்து வீங்கியிருந்தது. சின்ன வயதில் போட்டதைக் கழற்றாமலே கால் வளர்ந்துவிட்ட மாதிரி...

இன்னொன்றும் தெரிந்தது. தன் நிழல் கிழக்கே விழுந்திருந்தது. அவளுடைய நிழல் மேற்கே விழுந்திருந்தது.

"தண்ணி இருக்குதாக்கா? வாயெல்லாம் மண்ணு."

கை தானாகப் பாட்டிலை நீட்டியது. அவள் வாங்கவில்லை. வாயை மட்டும் திறந்தாள்.

உள்ளே நாக்கு தெரியவில்லை. பல் தெரியவில்லை. விளிம்பு வரைக்கும் மண்.

சகாயராணி ஓரடி பின்னால் வைத்தாள். அந்த அடி தரையில் நிற்கவில்லை. கால் சரசரவென்று உள்ளே இறங்கியது. கணுக்கால்... முழங்கால்... தொடை. உள்ளே ஜில்லென்று இருந்தது. பிறகு யாரோ பிடித்தார்கள். விரல்கள். அவளால் எண்ண முடிந்தது. ஒரு கை... இரண்டு... மூன்று. பிடித்து இழுத்தன. நகம் சதையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. அவள் எருக்கஞ்செடியின் அடியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"முருகேஷண்ணா... முருகேஷண்ணா..."

கார் தெரிந்தது. உள்ளே முருகேஷ் தெரிந்தார். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. சட்டென்று பிடி விட்டது. தவழ்ந்து, எழுந்து, விழுந்து, காரின் கதவைத் தட்டினாள். காலில் முழங்காலிலிருந்து பாதம் வரை நாலு கோடாகத் தோல் உரிந்து தொங்கியது. முருகேஷ் அதைப் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

"எவ்வளவு ஆழம் போச்சுங்க?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை 10.15. சகாயராணி காலில் கட்டோடு ஆபீசில் தனியாக இருந்தாள். பிரபாகர் வந்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"அங்க எதுக்குமா எறங்குன?"

"அங்க என்ன சார் இருந்துச்சு?"

அவர் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். கட்டுப் போட்ட காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார், ஏதோ மகளுக்கு மருந்து போடப்போகிறவர் மாதிரி. கட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். துணி சிவந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"பச்சை அடி. ஞாயித்துக்கெழம நீயே வந்து வீடியோ ஓட்டு. கறுப்பா ஏதாச்சும் தெரிஞ்சா, உன்னையும் அதே எடத்துல வெப்பேன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது போல. எழுந்து, நாற்காலியைத் தூக்கிக் கணினித் திரையில் அடித்தார். திரை நொறுங்கியது. போய்விட்டார்.

'அதே எடத்துல.'

அவள் அன்று முழுக்க அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஓசூரில் இருக்கும் தம்பி விக்டர் வீட்டுக்குப் போய்விடலாமா என்று பையைக்கூட எடுத்து வைத்தாள். பிறகு அந்தக் கொலுசு ஞாபகம் வந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, மடிக்கணினியைத் திறந்தாள். பச்சை அடிக்கவில்லை. 1999-ல் விழும் கறுப்பை அப்படியே விட்டு, வீடியோவை முடித்துப் பத்திரப்படுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை. மாலை 4.30.

ஷாமியானா. நாதஸ்வரம். ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குடும்பத்தோடு வந்தவர்கள். கையில் குளிர்பானம். மேடையில் ஆள் உயரத்துக்கு மேல் பெரிய திரை. 'சிறுவர் பூங்கா' பலகை மேடையிலிருந்து நாற்பதடி தள்ளித் தெரிந்தது. பிரபாகர் மைக்கில் வரவேற்றார். மேடையின் ஓரத்தில் மடிக்கணினியோடு சகாயராணி. கீழே காருக்குப் பக்கத்தில் முருகேஷ்.

4.41-க்கு வீடியோவை ஓடவிட்டாள்.

1985. 1986. சிவப்பு ஊர்ந்தது. ஜனங்கள் ரசித்துப் பார்த்தார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். 1997. 1998.

1999.

கறுப்புப் புள்ளி விழுந்தது. வீடியோ நின்றுவிட்டது.

மடிக்கணினியில் பார்த்தாள். அங்கே ஓடிக்கொண்டிருந்தது. 2003, 2004... பெரிய திரையில் மட்டும் 1999. பின்னணி இசை நின்றது. ஸ்பீக்கரில் வேறு சத்தம் வந்தது.

நங்... நங்... நங்.

இரும்பு எதிலோ இறங்கும் சத்தம். கல்லில் இறங்கினால் அப்படிக் கேட்காது.

பிறகு மண் விழும் சத்தம். சொத்... சொத்... சொத்... அதற்கு அடியில், ரொம்ப ஆழத்தில், ஒரு குழந்தை அழுதது. ஒவ்வொரு தடவை மண் விழுந்தபோதும் அழுகை நின்று, மறுபடி தொடங்கியது.

கூட்டத்தில் இரண்டு பெண்கள் எழுந்துவிட்டார்கள்.

பிரபாகர் மைக்கைப் போட்டுவிட்டு வந்தார். சகாயராணியின் முடியைக் கொத்தாகப் பிடித்தார். அவள் முகத்தை மேசை விளிம்பில் மோதினார். ஒரு தடவை. மூக்கெலும்பு உடைந்தது. இன்னொரு தடவை. மூன்றாவது தடவைக்குத் தலையைத் தூக்கினார்...

மோதவில்லை.

பிடி தளர்ந்தது.

அவள் ரத்தம் வழியும் கண்ணைத் திறந்து பார்த்தாள். அவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறுகியிருந்தது. யாரோ இரண்டு கைகளால் கட்டிப்பிடித்த மாதிரி.

"யாரு..." என்றார்.

இழுத்தது.

குப்புற விழுந்தார். மேடையிலிருந்து கீழே. அங்கிருந்து தரையில். தாடை தரையில் உராய, பத்து விரல்களும் மண்ணைப் பிறாண்ட, இழுபட்டுப் போனார். நாற்காலிகள் சிதறின. இரண்டு ஆட்கள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்கள். அதில் ஒருவருக்குத் தோள்பட்டை மூட்டு கழன்றது. அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. விட்டுவிட்டார்கள்.

நாற்பதடி.

இழுப்பு பலகைக்குப் பின்னால் போய்த்தான் நின்றது.

அவர் எழுந்தார். தானாக எழுந்த மாதிரி இல்லை. எழுப்பிய மாதிரி இருந்தது.

வெயில் அவர் முகத்தில் விழுந்தது. சுற்றி யாரும் இல்லை.

நங்.

நெற்றி பிளந்தது.

எந்தக் கையும் இல்லாத வெட்டவெளி. ஆனால் நெற்றி பிளந்தது.

நங்.

காதோரம்.

நங்.

அவர் விழவில்லை. விழ விடவில்லை.

வாய் திறந்தது. கத்தப்போகிறார் என்று நினைத்தார்கள்.

மண் வந்தது.

கறுப்பு ஈரமண். வாயிலிருந்து. மூக்கிலிருந்து. வந்துகொண்டே இருந்தது.

பிறகு விட்டது. விழுந்தார்.

4.52.

எல்லாரும் அசையாமல் நின்றார்கள். அப்போது பெரிய திரை மறுபடி உயிர் பெற்றது. 2000. 2001. நாதஸ்வர இசையோடு சிவப்பு ஊர்ந்து, மனைகளை நோக்கி வந்து, 2024-ல் நின்றது. 'வளரும் தர்மபுரி உங்களை வரவேற்கிறது' என்று எழுத்து மின்னியது.

காருக்குப் பக்கத்தில் முருகேஷ் மண்டியிட்டிருந்தார். தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருந்தார். சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் டிராக்டர் மட்டும்தான் ஓட்டுனேன்... நான் டிராக்டர் மட்டும்தான் ஓட்டுனேன்..."

அன்று சாயங்காலமே அவர் போலீசில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அந்த இடத்தில் ஆண்டி என்பவருக்கு இரண்டு ஏக்கர் மேட்டுநிலமும், ஒரு கிணறும், ஓட்டு வீடும் இருந்தன. மனைவி சின்னக்கண்ணு. மகனுக்குப் பதினோரு வயது. மகள் அன்பரசிக்கு நாலு. சுற்றிலும் எல்லாரும் விற்றுவிட்டார்கள். ஆண்டி மட்டும் கொடுக்க முடியாது என்றார். 1999 பிப்ரவரியில் ஒரு நாள் காலை பத்தேகால் மணிக்கு, நிலத்தை அளக்க வந்திருக்கிறோம் என்று சொல்லி பிரபாகர் உள்ளே போனார். கையில் கடப்பாறை. கூட இன்னொரு ஆள். அந்த ஆள் இப்போது உயிரோடு இல்லை. நாலு பேரையும் கிணற்றில் போட்டார்கள். வீட்டை இடித்து அதே கிணற்றில் தள்ளினார்கள். முருகேஷ் மண் கொண்டுவந்து கொட்டினார். மொத்தம் பத்தொன்பது லோடு. ஊரில் கேட்டவர்களுக்கு, குடும்பத்தோடு பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போய்விட்டார்கள் என்று பதில். இந்தப் பக்கத்தில் அப்படிப் போகிறவர்கள் நிறைய. யாரும் தேடவில்லை.

"அந்தப் பாப்பா மட்டும் சத்தம் போட்டுச்சுங்க," என்று முருகேஷ் சொன்னதை எழுதி வைத்திருக்கிறார்கள். "அஞ்சாவது லோடு வரைக்கும் கேட்டுச்சுங்க."

பிப்ரவரி ஆறாம் தேதி, வியாழக்கிழமை தோண்டினார்கள். முப்பத்தோரு அடியில் எலும்புகள் கிடைத்தன. மூன்று மண்டையோடுகள் உடைந்திருந்தன. நாலாவது, சின்னது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. பிரபாகரின் உடலை அறுத்த டாக்டர், நுரையீரல் இரண்டிலும் சேறு நிரம்பியிருந்தது என்று எழுதியிருந்தார். வெட்டவெளியில் நின்றுகொண்டு செத்தவருக்கு அது எப்படி என்று அவர் எழுதவில்லை. எலும்புகளை ஆண்டியின் சொந்தக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய் முறைப்படி அடக்கம் செய்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் சகாயராணி இன்று நிம்மதியாகத் தூங்குவாள்.

அந்த இடத்தில் ஒரு காலத்தில் வீடு இருந்ததற்கு ஆதாரம் கேட்டது போலீஸ். அதற்காக அவள் கிட்டத்திலிருந்து தெரிகிற பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேடினாள். மரம், கார், நிழல் எல்லாம் தெரியும் அளவுக்குத் துல்லியமானவை. 2006-லிருந்து கிடைத்தன. வீடு ஏற்கெனவே இல்லாமல் போயிருந்தது. ஆனால் வெறும் தரையில் வேறொன்று தெரிந்தது.

நாலு நிழல்கள்.

ஆட்கள் நிற்கும்போது விழுகிற நிழல். ஆட்கள் இல்லை. நிழல் மட்டும். 2006-ல் இருந்தன. 2010-ல் இருந்தன. கைக்குக் கிடைத்த எல்லாப் படங்களிலும் இருந்தன.

எல்லாமே ஜனவரியில், காலை பத்தேகால் வாக்கில் எடுத்த படங்கள். சூரியன் ஒரே உயரத்தில் இருக்கும். அதனால் நிழல்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். அளவெடுப்பது அவள் தொழில். அளந்தாள்.

ஆணின் நிழல் எல்லா வருஷமும் ஒரே நீளம். பெண்ணுடையதும், பையனுடையதும் அப்படியே.

நாலாவது நிழல் அப்படி இல்லை. 2006-ல் பையனின் நிழலுக்குச் சமமாக இருந்தது. 2010-ல் அவனைத் தாண்டியிருந்தது. 2017-ல் அம்மாவின் நிழலுக்குச் சமம். 2025-ல் அம்மாவைவிட ஒரு சாண் அதிகம்.

எல்லாவற்றையும் அழித்துவிடுவதா என்று யோசித்தாள். அழிக்கவில்லை. அடக்கம் நடந்துவிட்டது, இனி ஒன்றும் இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இந்த ஜனவரியில் புதுப் படம் வந்தது. திறந்து பார்த்தாள்.

மூன்று நிழல்கள் இல்லை. நாலாவது மட்டும் அங்கேயே இருந்தது.